அலிசா லியு விட்டுவிட்டுத் திரும்பி வந்தாரே, என் மகளும் நிறுத்தலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பவர் கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு தாய். மகளுக்கு 15 வயது. சின்ன வயதிலிருந்தே பாடசாலை நீச்சல் அணியில் இருக்கிறாள். சில மாதங்களாகப் போட்டிக்கு முதல் நாள் அழுகிறாள், இரவில் நித்திரை கொள்வதில்லை, சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறாள். பனித்தளத்தில் சறுக்கியபடி பாய்ந்து சுழன்று ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பார்ப்பதில் அவளுக்குப் பெரிய விருப்பம். அமெரிக்க வீராங்கனை அலிசா லியு 16 வயதில் விளையாட்டை விட்டுவிட்டுப் பிறகு உலக சம்பியன் ஆனதைப் போனில் காட்டி, "நானும் நிறுத்துறேன் அம்மா, அவ மாதிரிப் பிறகு வருவேன்" என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் கதை உண்மையா, நிறுத்தினால் உண்மையிலேயே திரும்பி வர முடியுமா, இது சோம்பலா, வருத்தமா (நோயா) என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று தாய் கேட்கிறார்.

நான் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உளவளத்துணை செய்பவள். ஃபிகர் ஸ்கேட்டிங்கையும் பல வருடங்களாக விடாமல் பார்த்து வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கதை உண்மைதான். அலிசா லியு 2019இல், 13 வயதில், அமெரிக்கத் தேசிய சம்பியன் ஆனார். அவ்வளவு இளம் வயதில் அந்தப் பட்டத்தை வேறு எந்தப் பெண்ணும் வென்றதில்லை. அடுத்த வருடமும் வென்றார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பங்குபற்றினார், அடுத்த மாதமே உலகப் போட்டியில் வெண்கலம் எடுத்தார். ஏப்ரலில் இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு போட்டுவிட்டு விலகிவிட்டார். 2024 தொடக்கத்தில் மலையில் பனிச்சறுக்கப் போன இடத்தில் அந்த வேகம் பழைய உணர்வைக் கிளப்பிவிட, பனித்தளம் ஒன்றுக்குப் போய்ப் பார்த்தார். 2025 மார்ச்சில் பொஸ்டனில் உலக சம்பியன் ஆகிவிட்டார். அதற்கு முன் மூன்று வருடங்கள் தொடர்ந்து அந்தப் பட்டத்தை வைத்திருந்த ஜப்பானின் கஓரி சகமோட்டோ இரண்டாம் இடத்துக்குப் போனார். அமெரிக்கப் பெண் ஒருவர் அதை முன்பு வென்றது 2006இல்.

ஆனால் இடையில் இருந்த இரண்டு வருடங்களை உங்கள் மகள் கவனித்திருப்பாளா என்பது சந்தேகம். லியு ஓய்வெடுத்துவிட்டு வரலாம் என்று போகவில்லை. முடிந்துவிட்டது என்றுதான் போனார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து போய் வந்தார், சிநேகிதிகளோடும் சகோதரர்களோடும் இருந்தார். பனித்தளத்தின் பக்கமே போகப் பிடிக்காமல் இருந்த காலம் அது என்று பின்னர் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தபோது எல்லாம் மாறியிருந்தது. முன்பு பயிற்றுநர் யார், பயிற்சி எங்கே என்பதையெல்லாம் தந்தைதான் பெரும்பாலும் தீர்மானித்தார். மகள் மேல் பாசம் உள்ளவர், அவளுக்காக நிறையச் செலவழித்தவர். ஆனாலும், திரும்பி வந்த மகள் அவரைப் பயிற்சி விஷயங்களிலிருந்து விலகி இருக்கச் சொன்னார். இசை, உடை, எத்தனை மணி நேரம் பயிற்சி, என்ன சாப்பிடுவது, எல்லாமே தன் முடிவு என்ற நிபந்தனையோடுதான் வந்தார்.

அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்தட்டும். ஆனால் "பிறகு வருவேன்" என்ற வாக்கை அவளிடமிருந்து வாங்காதீர்கள். அவளாகத் தந்தாலும் வாங்காதீர்கள். திரும்பி வருவதற்காக நிறுத்துகிற பிள்ளை உண்மையில் நிறுத்துவதில்லை. வீட்டிலிருந்தபடியே அதே போட்டியை மனதுக்குள் நடத்திக்கொண்டிருக்கும்.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இப்படியான கதைகள் ஏன் இவ்வளவு அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் மகள் அந்த விளையாட்டிலேயே தன்னைப் பார்த்துக்கொண்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று சுற்றுப் பாய்ச்சல் ஒன்றில் உடம்பு காற்றில் இருப்பது ஒரு வினாடிக்கும் குறைவான நேரம். அதற்குள் மூன்று முறை சுழன்று ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். ஒடுங்கிய, சின்ன உடம்பு வேகமாகச் சுழலும். ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்து, உயரமும் இடுப்பும் எடையும் மாறும்போது, போன வருடம் கண்ணை மூடிக்கொண்டு செய்த பாய்ச்சல் இந்த வருடம் வராது. பிள்ளை எந்தப் பிழையும் செய்யவில்லை, உடம்பு வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். சுற்றி நிற்கும் பெரியவர்களுக்கு அப்போது தெரிகிற ஒரே வழி எடையைக் குறைப்பது. தராசும், பயிற்றுநரின் ஒரு பார்வையும், "கொஞ்சம் கவனமாச் சாப்பிடு" என்ற ஒரு வார்த்தையும் சேர்ந்து எத்தனையோ பிள்ளைகளை நோயாளிகளாக்கியிருக்கின்றன.

புள்ளி முறையும் அதற்குத் துணை போனது. 2002 ஒலிம்பிக் நடுவர் ஊழலுக்குப் பிறகு 2004இல் புதிய முறை வந்தது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஓர் அடிப்படைப் புள்ளி உண்டு. நான்கு சுற்றுப் பாய்ச்சலுக்கு அது மிக அதிகம். எனவே உடம்பு மாறுவதற்கு முன்பே சிறுமிகளை அதற்குத் தயார் செய்யும் வழக்கம் வளர்ந்தது. 2022 பெய்ஜிங்கில் அதன் முடிவை உலகமே நேரலையில் பார்த்தது. ஊக்கமருந்துச் சர்ச்சையின் நடுவே பனியில் இறங்கிய ரஷ்யாவின் 15 வயது கமிலா வலியேவா திரும்பத் திரும்ப விழுந்தாள். நான்கு சுற்றுப் பாய்ச்சல்களை ஐந்து தடவை செய்து வெள்ளி வென்ற 17 வயது அலெக்சாண்ட்ரா த்ருசோவா, இந்த விளையாட்டையே வெறுக்கிறேன் என்று கமராவுக்கு முன்னால் அழுதாள். அன்று ஒரு முழு விளையாட்டுமே வெட்கப்பட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த ஜூனில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து படிப்படியாக 17 ஆக உயர்த்த முடிவு செய்தது. நல்ல முடிவு, மிகவும் தாமதமாக வந்த முடிவு.

நீச்சல் இதற்கு அதிக தூரத்தில் இல்லை. நீச்சல் உடையில் எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும். வளர்கிற உடம்பு சில காலம் நேரத்தைக் கூட்டிக் காட்டும். வினாடியில் நூறில் ஒரு பங்கு கூட எல்லோருக்கும் தெரியும். 15 வயதில் ஒரு பிள்ளை "நான் கெட்டுப்போய்விட்டேன்" என்று நம்ப இது போதும்.

இப்போது உங்கள் மகளுக்குக் காட்ட வேண்டிய இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன். லியுவை விட இவரைத்தான் அவள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். கிரேசி கோல்ட், அமெரிக்கர், இரண்டு முறை தேசிய சம்பியன். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் அணிக்கான வெண்கலம் வென்றார், தனிப் போட்டியில் நான்காம் இடம். 2016 உலகப் போட்டி அவருடைய சொந்த நாட்டிலேயே, பொஸ்டனில் நடந்தது. இந்தப் போட்டியில் ஒவ்வொருவரும் இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டும். முதல் ஆட்டத்துக்குப் பிறகு முதலிடத்தில் நின்றார். இரண்டாம் ஆட்டத்தில் சறுக்கி நான்காம் இடத்துக்கு வந்தார். அதன் பிறகு எல்லாமே சரிந்தது. 2017இல் மனச்சோர்வு, பதற்றம், உணவுக் கோளாறு ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறப் போவதாக வெளிப்படையாக அறிவித்துவிட்டு, ஒலிம்பிக் பருவத்திலேயே விலகினார். தங்கியிருந்து சிகிச்சை பெற்றார்.

2018 நவம்பரில் மொஸ்கோவில் திரும்பி வந்தார். முதல் ஆட்டத்தில் கடைசி இடம். இரண்டாம் ஆட்டத்தில் இறங்கவில்லை. இறங்கினால் தன் மனநலத்துக்குப் பாதிப்பாகும் என்று எழுதிவிட்டு விலகினார். அந்த முடிவைப் பலர் தோல்வி என்றார்கள். எனக்கு அது அவருடைய வாழ்க்கையிலேயே ஆரோக்கியமான முடிவாகப்பட்டது. அதற்கு முந்திய கிரேசி கோல்ட் என்றால் உடைந்துபோனாலும் இறங்கியிருப்பார். பிறகு ஒரு பனித்தளத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கிக்கொண்டு, தகுதிகாண் போட்டிகளில் அடியிலிருந்து தொடங்கி, 2020 ஜனவரியில் கிரீன்ஸ்பரோவில் நடந்த தேசியப் போட்டிக்கு வந்து சேர்ந்தார். இடம் 12. ஒரு காலத்தில் சம்பியனாக நின்றவர் 12ஆம் இடத்தில் முடித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

என்னைக் கேட்டால் லியுவின் தங்கமும் இந்த 12ஆம் இடமும் ஒரே எடை. தங்கத்தோடு முடிகிற கதையை மட்டும் பார்த்த பிள்ளைக்கு, குணமாவது என்றால் வெல்வது என்று மனதில் பதிந்துவிடும். அது உங்கள் மகளுக்கு ஆபத்தான எண்ணம்.

ஜப்பானின் அகிகோ சுசுகி 18 வயதில் வீட்டை விட்டு செண்டாய் நகரத்துக்குப் பல்கலைக்கழகம் போனார். போன சில மாதங்களில் உணவுக் கோளாறு. எவ்வளவு எடை குறைந்தார் என்ற எண்ணை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. இப்படியான எண்கள் உங்கள் மகள் போன்ற பிள்ளைகளுக்கு இலக்காக மாறிவிடும், நீங்களும் வீட்டில் சொல்லாதீர்கள். ஒரு முழுப் பருவத்தை இழந்தார். அவருடைய தாய் முதலில் சாப்பிடு, சாப்பிடு என்று வற்புறுத்தினார். அது நோயைக் கூட்டியது. பிறகு, சாப்பிட முடிந்ததிலிருந்து தொடங்குவோம் என்று தாய் மாறினார். தன்னை அப்படியே ஏற்றுக்கொண்டார் என்று தோன்றிய அந்த இடத்திலிருந்துதான் மீளத் தொடங்கியதாகச் சுசுகி சொல்லியிருக்கிறார். மீண்டது மெதுவாக. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் 8ஆம் இடம், 2012இல் உலகப் போட்டி வெண்கலம், 2013 டிசெம்பரில் 28 வயதில் முதல் தடவையாகத் தேசிய சம்பியன். நோய் வந்து பத்து வருடங்களுக்குப் பிறகு.

எல்லோரும் திரும்பி வருவதில்லை. ரஷ்யாவின் யூலியா லிப்னிட்ஸ்காயா 15 வயதில் சோச்சியில் அணிக்கான தங்கம் வென்றவள். 2017இல், 19 வயதில், அனொரெக்சியா என்ற உணவுக் கோளாறுக்குச் சிகிச்சை பெற்ற பிறகு விளையாட்டை விட்டார். திரும்பவில்லை. இன்னும் முன்பே சிகிச்சைக்குப் போகாததுதான் தனக்குள்ள ஒரே மனக்குறை என்ற கருத்தில் பேசினார். இதையும் மீட்சி என்றுதான் நான் சொல்வேன். அம்பர் கிளென் என்ற அமெரிக்கர் 2015இல் மனநலச் சிகிச்சைக்காக ஒதுங்கி, 2024 டிசெம்பரில் 25 வயதில் கிராண்ட் பிரி என்ற சர்வதேசத் தொடரின் இறுதிப் போட்டியை வென்றார். ஆண்களிலும் அமெரிக்க ஸ்கேட்டர் அடம் ரிப்பன் தன் உணவுக் கோளாறைப் பற்றி 2018இல் வெளிப்படையாகப் பேசினார்.

சரி, சோம்பலா வருத்தமா? பெரும்பாலான பெற்றோர் கேட்கும் கேள்வி இது. நான் பார்க்கும் முதல் அடையாளம், பயிற்சி இல்லாத நாளில் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்பது. சலித்துப்போன பிள்ளை அன்றைக்குச் சந்தோஷமாக இருக்கும், சிநேகிதிகளோடு கதைக்கும், நன்றாகச் சாப்பிடும். வருத்தம் உள்ள பிள்ளைக்குப் போகாத நாளும் நிம்மதி இல்லை. குற்ற உணர்வில் புழுங்கும், பிடித்த மற்ற விஷயங்களும் பிடிக்காமல் போகும். வெறும் போட்டிப் பயம் இன்னொரு வகை. அமெரிக்க ஸ்கேட்டர் நேதன் சென் 2018 ஒலிம்பிக்கின் முதல் ஆட்டத்தில் 17ஆம் இடத்துக்கு விழுந்தார், அடுத்த நாள் இரண்டாம் ஆட்டத்தில் எல்லோரையும் விட அதிகப் புள்ளி எடுத்தார். பிறகு விளையாட்டு உளவியலாளர் ஒருவரோடு வேலை செய்து 2022இல் தங்கம் வென்றார். பயத்தைப் பழக்கத்தால் சமாளிக்கலாம். உங்கள் மகளுடையது, நித்திரையும் சாப்பாடும் சேர்ந்து கெட்டிருப்பதால், வெறும் பயம் என்று நான் விடமாட்டேன்.

சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறாள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். என்னை அதிகம் கவலைப்படுத்தியது அந்த வரிதான். மாதவிடாய் தவறுகிறதா, தலைசுற்றுகிறதா, எப்போதும் குளிர்கிறது என்கிறாளா, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய் நேரம் எடுக்கிறாளா, ஒளித்து உடற்பயிற்சி செய்கிறாளா என்று பாருங்கள். செலவழிக்கும் சக்திக்கு ஏற்றபடி சாப்பிடாத விளையாட்டுப் பிள்ளைகளுக்கு எலும்பு, இருதயம், ஹோர்மோன் எல்லாம் பாதிக்கப்படும். சர்வதேச ஒலிம்பிக் குழுவே 2014இலிருந்து இதைத் தனி நோய்நிலையாகப் பேசுகிறது. பிள்ளை மெலிந்து தெரிய வேண்டும் என்ற அவசியமும் இல்லை, சாதாரண எடையிலும் இது நடக்கும். இந்தக் கிழமையே வைத்தியரிடம் காட்டுங்கள், அடுத்த தவணை விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம்.

எங்கே காட்டுவது? முதலில் உங்கள் குடும்ப வைத்தியர். இரத்தப் பரிசோதனையும் இருதயத் துடிப்பும் பார்த்து, மனநல மருத்துவருக்குக் கடிதம் தருவார். வெள்ளவத்தைக்குக் களுபோவில வைத்தியசாலை கிட்ட. பெரியாஸ்பத்திரியிலும் (கொழும்பு தேசிய வைத்தியசாலை) மனநலப் பிரிவு இருக்கிறது. இரண்டும் இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்குத் தமிழில் கதைக்கலாம், 24 மணி நேரமும். அந்த நிறுவகம் அங்கொடையில் இருக்கிறது என்பதால் சிலர் அழைக்கவே தயங்குகிறார்கள். கொழும்பில் அந்த ஊர்ப் பெயரையே வசையாகச் சொல்லிச் சொல்லி நம்மவர்களின் மனதில் ஏற்றிய பயம் அது. தயவுசெய்து அதை ஒதுக்கி வையுங்கள். யாரிடமாவது மனம் விட்டுக் கதைக்க மட்டும் வேண்டுமென்றால், ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு பல வருடங்களாக அந்தச் சேவையைச் செய்கிறது. வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரி மகள் எப்போதாவது சொன்னால் அதை நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. அன்று அவளைத் தனியே விடாமல், உடனே 1926ஐ அழையுங்கள் அல்லது வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.

வீட்டில் எடை பற்றிய பேச்சே வேண்டாம், பாராட்டாகக் கூட வேண்டாம். கல்யாண வீட்டில் "மெலிஞ்சு வடிவா வந்திட்டாய்" என்று சொல்கிற மாமி, சித்திமாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனால் இந்தப் பிள்ளையின் காதில் அது கட்டளையாக விழும். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சேர்ந்து இருங்கள், தட்டைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சாதாரண தரப் பரீட்சை கிட்ட வருகிறதென்றால், நீச்சல் விட்ட நேரத்தை உடனே இன்னொரு டியூஷனால் நிரப்பவும் வேண்டாம். அந்த நேரம் கொஞ்ச நாளைக்கு வெறுமையாகவே இருக்கட்டும்.

பயிற்றுநரிடம் நீங்களே போய்க் கதையுங்கள், மகளை அனுப்பாதீர்கள். மருத்துவக் காரணம் என்றால் போதும், விபரம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "எப்ப திரும்ப வருவா?" என்றுதான் முதலில் கேட்பார். திகதி சொல்லாதீர்கள். பல மாதங்கள் கழித்து அவளாகவே ஆசைப்பட்டால், வைத்தியரும் சம்மதித்தால், அப்போது போகலாம். அப்போதும் எந்தப் போட்டி, எத்தனை நாள், யாரிடம் பழகுவது என்பதை அவள் சொல்லட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு நீந்தப் பழக்குவதோடு நின்றுவிட விரும்பினாலும் சரி. ஒருநாளும் போக விரும்பாவிட்டாலும் சரி.

கடைசியாக, அஞ்சலோட்ட நீச்சலுக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்தாகிவிட்டது, அதையாவது முடித்துவிட்டு நிறுத்தட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நாளைக் காலையே பாடசாலைக்கு அழைத்துப் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். நான்காவது பிள்ளையைத் தேடிக்கொள்ள அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பெயரை எடுக்கப் போவதை இன்றிரவே மகளிடம் சொல்லிவிடுங்கள்.